அத்தை நேர்ந்த கண்மலர்

ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. சேலை ஃபால்ஸ் அடுக்கிய தட்டுக்கும் முதலாளி அண்ணாச்சியின் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம், அதில் பாதியை அது எடுத்துக்கொண்டு நிற்கிறது, என் இடுப்பு உயரம்கூட இல்லை, வாடாமல்லி நிறத்தில் கவுன், முகம் என்று ஒன்றும் கிடையாது, கவுனுக்கு மேலே கொஞ்சம் கருப்பு, அது முடியாக இருக்க வேண்டும். முந்தாநாள் மத்தியானம் ஒரு பிள்ளை அம்மாவோடு கடைக்கு வந்தது, அம்மாக்காரி லைனிங் துணி கேட்டுக்கொண்டிருந்தாள், பிள்ளை இந்த இடத்தில் நின்று ஃபால்ஸ் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விளையாடியது, துணி வாங்கினார்கள், படியிறங்கிப் போனார்கள், நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாப் பிள்ளையையும் அப்படித்தான் பார்க்கிறேன், அது வேறு கதை. உள்ளே திரும்பினால் பிள்ளை இங்கேயே நிற்கிறது. மேட்சிங் சென்டரில் இத்தனை வருஷமாக ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்க்கிறவளுக்குக் கண் பண்ணுகிற சேட்டை ஒன்றும் புதிதில்லை. சிவப்புச் சேலையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவரில் பச்சைச் சேலை தொங்கும், மஞ்சளைப் பார்த்தால் நீலம் தொங்கும், அதற்காகத்தான் ஒரு சேலைக்கும் இன்னொரு சேலைக்கும் நடுவில் வெறும் சுவரைப் பார்த்துக் கண்ணை ஆற வைக்கிறோம், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். இது கரையவில்லை, பச்சையாக மாறவும் இல்லை. வாடாமல்லி வாடாமல்லியாகவே நின்றது. வேறு யாராவதாக இருந்தால் வெயில், அசதி, உடம்புச் சூடு என்று எதையாவது சொல்லித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை, நிறம் தெரிந்து தொலைத்திருக்கிறது. ராத்திரி கடை மூடும்போது மங்கலாகிப் போனது, சரி, விட்டது என்று நினைத்தேன், நேற்றுக் காலை ட்யூப்லைட் போட்டதும் பழைய இடத்தில் அது இருந்தது. இன்றைக்குக் காலையில் ஜெனிட்டா கேட்டேவிட்டாள். இந்தக் கடையில் எனக்குத் துணை அவள்தான், சின்னப் பெண், இடையன்குடிப் பக்கம், வாய் சும்மா இருக்காது. "ஏங்க்கா, அங்கன வந்ததும் ஒதுங்குதிய, கீழ ஏதும் கெடக்கா?" காலில் ஆணி, அதுதான் காலை மாற்றி வைக்கிறேன் என்றேன். அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கிளிப்பச்சைத் துணி ஒன்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

அது மட்டும்தான் என்றால் பரவாயில்லை. எதுவும் அசைந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மீட்டர் கம்பியில் துணியை அளக்கும்போது என் கை போன வழியெல்லாம் கைகள் நிற்கின்றன, கோயில் சிற்பத்துக்கு வேண்டுமானால் அது அழகு, ரவிக்கைத் துணி அளக்கிறவளுக்கு அது எதற்கு. எந்தக் கை என் கை என்று கத்தரிக்கோல் பிடிக்கிற நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. தெருவில் ஆட்டோ போனால் ஆட்டோவுக்குப் பின்னால் ஆட்டோவாகப் போகிறது. மாத்திரைதான், வேறு ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். முட்டை வளர்வதற்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரை, மாதவிலக்கு ஆனதும் சில நாள் போட வேண்டும், முன்னே கொடுத்த அளவில் பலன் இல்லை என்று இந்த மாசம் அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் அவள் ஆஸ்பத்திரியில் முதல் தடவை சீட்டு எழுதும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "கண்ணு மங்கினாலோ, வெளிச்சம் வெட்டுற மாதிரி இருந்தாலோ, பார்த்தது போகாம நின்னாலோ, மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே எனக்குச் சொல்லணும்." தலையை ஆட்டினேன். அதோடு வயிறு உப்பினாலும் மூச்சு முட்டினாலும் உடனே வர வேண்டும் என்றாள், அதற்கும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைதான் இது. அன்றைக்கே சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை, நேற்றும் போட்டேன், இன்றைக்குப் போட வேண்டியதும் பர்ஸில் இருக்கிறது, இந்த மாசத்துக்கு அதுதான் கடைசி. வீட்டில் போட முடியாது, அத்தை பார்த்துவிடுவாள் என்று கடையில் சாயங்காலத் தேநீரோடுதான் போடுகிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னால் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் நம்பிராஜன் போன மாசமே சொல்லிவிட்டார், வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுக்கிற மனுஷன், ஒயரைக் கடித்துக் கடித்துப் பேச்சும் அப்படித்தான் சுருக்கமாக வரும், "அடுத்த மாசத்தோட போதும் ஆவுடை. அதுக்கு மேல ஊசி, ஆபரேசன்னு ஒன்னப் போட்டுப் பாடுபடுத்த என்னால ஆவாது. இருக்கிறதோட இருப்போம்." என் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மாற்றியிருப்பேன், பிரியத்தில் சொன்னதை என்ன செய்வது. ஆக இந்த மாசம் ஒன்றுதான் பாக்கி. கண்ணையா பிள்ளையையா என்று கேட்டால் ஊரில் எந்தப் பொம்பளை கண் என்று சொல்லுவாள்.

இதில் கண்ணை இழுத்துவிட்டதே நான்தான், அதை நினைத்தால்தான் முதுகில் சில்லென்று ஏறுகிறது. பாளையங்கோட்டைக்கு அடிக்கடி எதற்குப் போகிறீர்கள் என்று அத்தை கேட்டாள். அத்தை என்றால் நம்பிராஜனின் அம்மா, அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் விடிவதற்குள் டவுனில் நாலு ரத வீதியும் சுற்றி வந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் வந்தது, கண்ணாஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டேன். நிறம் பார்க்கிற வேலை, கண் வலிக்கிறது, சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஜோடனையும் பண்ணினேன். நம்பிராஜன் பக்கத்தில் நின்று, ஆமா ஆமா என்றார். அத்தை அப்படியே நம்பி, உட்கார்ந்து அழுதாள். பகலெல்லாம் துணியைப் பார்த்துப் பார்த்து என் மருமகள் கண்ணு அவிந்துபோகிறதே என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள், பொன்னாங்கண்ணிக் கீரையாகக் கடைந்து போட்டாள், அதோடு விட்டாளா, அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததை உடனே வாங்கியும் வைத்துவிட்டாள், மஞ்சள் துணி விரித்துப் பூஜை அலமாரியில் படுக்க வைத்திருக்கிறாள், என் கண் சுகமானதும் இரண்டு பேருமாகப் போய் அம்மன் முகத்தில் சாத்திவிட்டு வர வேண்டுமாம். முகம் இல்லாமல் இரண்டு கண்கள். இமை இல்லை, மூடவே மூடாது. காலையில் விளக்கேற்றும்போது குனிந்தால் அவை என்னைத்தான் பார்க்கின்றன, இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம் பார்க்கின்றன, பொய்தானே என்று கேட்கின்றன. எனக்குச் சாமி பயம் பெரிதாகக் கிடையாது, ஆனால் ஒரு யோசனை வந்து மாட்டிக்கொண்டது, மாட்டியதை எடுக்கத் தெரியவில்லை. கண்மலர் நேர்ந்தாயிற்று. வாங்கிக்கொள்ள அம்மன் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். குணமாக்க ஒரு கண்நோய் வேண்டாமா? இல்லையென்றால் எதைக் குணமாக்கி எதை வாங்குவாள். அதனால் முதலில் நோயைக் கொடுத்திருக்கிறாள். பைத்தியக்கார யோசனை என்று தெரிகிறது. மாத்திரை அட்டைக்குள் இருக்கிற காகிதத்தில் கண்ணைப் பற்றிப் போட்டிருக்கும், அம்மனைப் பற்றி ஒன்றும் போட்டிருக்காது. ஆனாலும் இப்போது வீட்டில் போய், எனக்குக் கண்ணில் என்னவோ செய்கிறது என்று நிஜத்தைச் சொன்னாலும் அது அந்தப் பழைய பொய்யாகத்தான் கேட்கும். அத்தை இன்னும் கொஞ்சம் கீரை கடைவாள்.

தேநீர் வந்துவிட்டது. ஜெனிட்டா என் டம்ளரை மேசையில் வைத்தாள், அவள் கை டம்ளரைப் பிடித்தபடியே இன்னும் அங்கே இருக்கிறது, அவளோ அந்தப் பக்கம் போய்த் தட்டில் ஏறி வெந்தயக்கலர் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கை மங்குகிற வரைக்கும் டம்ளரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறினால் ஆறட்டும். பர்ஸைத் திறந்தேன், அட்டையில் மற்ற குழியெல்லாம் உடைந்து காலியாக இருக்கிறது, ஒன்றில் மட்டும் மாத்திரை. எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், மேலுதடு பிளந்து பிறந்து, தைத்துச் சரி பண்ணியிருக்கிறார்கள், நன்றாகப் படிக்கிறான், சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டுவான். அவனை மாத்திரைப் பிள்ளை என்று சொல்லுவார்கள். அவன் அம்மா மாத்திரை போட்டாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, கல்யாணமாகி லேட்டாகப் பிறந்தான், உதடு அப்படி இருந்தது, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிக்காமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன், இந்த மாத்திரையில் வருகிற பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று. அவள் சிரிக்கவில்லை, அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும். ரொம்ப வருஷமாக எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகளைவிடக் குறை அதிகம் என்று தெரியவில்லை, பயமில்லை, ஆனால் நூற்றுக்கு நூறு என்று எந்த மருந்துக்கும் நான் சொல்ல மாட்டேன் என்றாள். இரட்டை தங்குவதற்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், இரட்டை என்றால் சீக்கிரம் பிறக்கலாம், எடை குறையலாம், அதைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றாள். பயமில்லை என்று ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அதிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பயமில்லை, பயமில்லை என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போதும் சொல்லிப் பார்த்தேன். ஃபால்ஸ் தட்டுப் பக்கம் அது கொஞ்சம் சாய்ந்து நிற்கிற மாதிரி தெரிந்தது, கேட்பதற்குச் சாய்ந்த மாதிரி. கண் தளும்பினால் அப்படித் தெரியும், எனக்குக் கண் தளும்பித்தான் இருந்தது. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்ட நேரத்தில் படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டது, கையை மூடிக்கொண்டேன்.

முன்னால் ஏறி வந்தவள் வேறு ஓர் அம்மாக்காரி, அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறோம் என்றாள். பின்னால் மகள், மாசமாக இருப்பவள், படிக்கு ஒருத்தியாக ஏறி வந்தாள், முதல் படியில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியில் இன்னொருத்தி, அதற்கடுத்ததில் இன்னொருத்தி, எல்லாரும் மூச்சு வாங்குகிறார்கள், ஸ்டூலைக் காட்டினேன், அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்குள் அடங்கினார்கள். கடைசியாக வந்த வயிறு அடங்குவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அடுத்த வாரம் வளைகாப்பு, பட்டுச் சேலையோடு வந்த ரவிக்கையை முன்னாலேயே தைத்து வைத்துவிட்டார்கள், இப்போது போட்டால் கை ஏறவில்லையாம், கரை நிறத்தில் புதுசாக வேண்டும். பையிலிருந்து சேலையை எடுத்தாள். மயில்கழுத்து உடம்பு. கரையைப் பார்த்ததும், இது ஒன்றும் சிரமம் இல்லை என்று மூடாத கையால் ரோல் ஒன்றை உருவிக் கரையோரம் வைத்தேன், கோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. இந்த வேலையில் எனக்கு இருக்கிற ஒரே கர்வம் அதுதான். அம்மாக்காரி நான் வைத்ததைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தாள், மெட்டியைப் பார்த்தாள், "ஒனக்கு எத்தன பிள்ளையம்மா?" என்று கேட்டாள். இனிமேல்தான் என்றேன். அவள் கை தானாகப் போய் மகளின் முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் விட்டது. என் கண்ணுக்கு மறைப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது, என் கண்ணில் இருக்கிறது என்னவென்று தெரிந்தால் நீ கம்பளியே போட்டு மூடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். ட்யூப்லைட்டை நம்பக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், துணியையும் சேலையையும் வாங்கிக்கொண்டு அவள் வாசலுக்கு, வெயிலில் வைத்துப் பார்க்கப் போனாள். மகள் முந்தானையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சொர்ணா என்று பெயர் சொன்னாள். ரொம்ப நாள் கழித்தா என்று கேட்டேன். "மாத்திரைதான்க்கா. அம்மாட்ட கேக்காதிய, சாமி குடுத்ததும்பா." அதே மாத்திரை, பெயரையும் சொன்னாள். கண்ணுக்கு ஏதாவது பண்ணியதா என்று கேட்டேன். இல்லையே, தலைவலி இருந்தது, முகம் சூடாகும், கண்ணுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு ஏதாவது செய்கிறதா என்றாள். எனக்கு எங்கே, சும்மா கேட்டேன் என்றேன். அவளுக்கும் வந்தது, போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். இரட்டையாம். ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று சின்னதாக இருக்கிறதாம், வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், சின்னது அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே ராத்திரி முழித்துக் கிடக்கிறாளாம். சொல்லிவிட்டு வயிற்றில் ஒரு பக்கமாகக் கையை வைத்துக்கொண்டாள், சின்னது அந்தப் பக்கம் போல. பிறகு, ஏதோ ரகசியம் சொல்லுகிறவளாகக் குனிந்தாள். "இந்த மாசத்துல உள்ளயே கண்ணத் தொறந்துருமாம்க்கா. வெளிச்சம் பட்டா திரும்புமாம். நேத்து நாங்க செல் லைட்ட வயித்துல வச்சு அடிச்சுப் பாத்தோம்." திரும்பியதா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "பெரிசு திரும்பிச்சு" என்றாள்.

அம்மாக்காரி படியேறி வந்தாள், முகம் நல்ல முகமாக இல்லை. "எம்மா, நான் அரக்குக் கரைல்லா கொண்டாந்தேன். நீ வாடாமல்லியக் குடுத்திருக்க." நான் ஒத்துக்கொள்ளவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன், ஒதுங்கித்தான் போனேன், நாலு மணி வெயில் நல்ல வெயில், அதில் எந்த நிறமும் பொய் சொல்லாது, கரை மேல் துணியை மடித்து வைத்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கோடு தெரியவில்லை. இரண்டும் ஒன்று. பக்கத்தில் ஜெனிட்டா வந்து நின்றாள், அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்து வந்து பார்த்தார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெனிட்டா மெதுவாகத் துணியை என் கையிலிருந்து எடுத்து, "அக்கா, அது வேறக்கா" என்றாள். சத்தமாகச் சொல்லக் கூடாது என்று பார்த்துச் சொன்னாள். நான் தெருவைப் பார்த்தேன், அங்கேயும் எல்லாவற்றின் ஓரத்திலும் மெல்லிசாக அந்த நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது, சைக்கிளில், எதிர்க் கடை ஷட்டரில், ஒரு பெரியவரின் வேட்டிக் கரையில். அது நின்ற இடத்தில் நிற்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை, பரவிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா அரக்கு எடுத்துக் கொடுத்தாள், அம்மாக்காரி வாங்கிக்கொண்டாள், போகும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சொர்ணா மட்டும் திரும்பிப் பார்த்து வருகிறேன் என்று தலையசைத்தாள். அண்ணாச்சி கோபக்காரர் கிடையாது. சோலி பார்த்தது போதும், பின்னால் போய் உட்காரு, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி வரச் சொல்லு என்றார். அவர் குரல் இரக்கமாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. இந்தக் கடையில் என் கையால் தப்பான துணி வெளியே போனதில்லை.

பின்னால் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைத் திறந்தால் மாத்திரை வேர்வையில் கொஞ்சம் இளகியிருந்தது, உள்ளங்கையில் மாவு. இன்னும் போட்டுக்கொள்ளலாம், ஒரு வாய் தண்ணீர்தான், போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியும், பிறகு ஸ்கேன், முட்டை வளர்ந்திருக்கும், வளர்ந்துதான் இருக்கும், எனக்கு உடம்பில் தெரிகிறது, இந்த மாசம் நிற்கும். நின்றால் அதற்கும் ஒரு நாள் கண் வரும். ஏழாம் மாசம் இருட்டில் கண்ணைத் திறக்கும். திறந்து எதைப் பார்க்கும்? வளர்ந்த பொம்பளை என் கண்ணையே இது இப்படிப் பண்ணுகிறது, இன்னும் கண்ணே முளைக்காத ஒன்றை என்ன பண்ணும். வெளிச்சம் அடித்தால் திரும்புமா. இல்லை, வெளிச்சம் போன பிறகும் அதற்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்குமா, உள்ளே தூங்க முடியாமல் கிடக்குமா, பிறந்து நடந்து பேச்சு வந்த பிறகு ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அம்மா அங்கே நிற்கிறது யார் என்று கேட்குமா. டாக்டரம்மா அப்படி எதுவும் இல்லை என்றுதானே சொன்னாள். சொன்னாள். ஆனால் அதே வாயால்தான் கண்ணுக்கு ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டுச் சொல் என்றும் சொன்னாள். நான் ஒரு பாதியை எடுத்து முடிந்துகொண்டு மறுபாதியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பயமில்லை என்று அவள் சொன்னது, வந்ததை வந்து சொல்லுகிறவளுக்கு. சொல்லாமல் விழுங்குகிறவளுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் நான் என் கண்ணைத்தான் பணயம் வைக்கிறேன், என் கண்தானே என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறேனோ என்று அப்போதுதான் பயம் வந்தது, நிஜமான பயம். அதற்கு ஒன்றும் ஆகாது என்றே இருக்கட்டும். ஆகாது என்று நான் முடிவு பண்ண முடியாது. அரக்குக் கரையை வாடாமல்லி என்று வெயிலில் நின்று சாதித்தவள் நான்.

முதலில் நம்பிராஜனைக் கடைக்கு வரச் சொன்னேன், அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியில் எடுத்த பெண் எனக்குத் தெரிந்தவள்தான், நர்ஸ், ஸ்கேனுக்குப் போனால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள். பார்த்தது போகாமல் கண்ணில் நிற்கிறது என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. இருங்கள் என்று டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இன்றைக்கு மாத்திரை போட வேண்டாம், இனிமேல் இந்த மாத்திரையே உங்களுக்கு வேண்டாம், நாளைக்குக் காலையில் முதலில் கண்ணாஸ்பத்திரியில் போய்க் காட்டி அந்தச் சீட்டோடு இங்கே வாருங்கள், வேறு மருந்து பார்க்கலாமா என்று டாக்டரம்மா பேசுவார்கள் என்றாள். கண்ணாஸ்பத்திரிக்கு. அத்தையிடம் சொல்லிவிட்டே போகலாம், அதில் ஒரு பொய்யும் இருக்காது. "இந்த மாசம்?" என்று கேட்டேன். "இந்த மாசத்த விட்ருவோம்க்கா" என்றாள். அவள் எழுதிக்கொள்கிற மாதிரி இருந்தது, கண்ணில் என்ன தெரிகிறது, புகையா, பூச்சியா, வெளிச்சமா என்று கேட்டாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஃபால்ஸ் தட்டு நேராகத் தெரிந்தது. வெயில் இறங்கி, வாசல் பக்கத்து வெளிச்சம் உள்ளே நீளமாக விழுந்திருந்தது. அது அந்த வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றது. காலையிலிருந்து இந்தப் பக்கம் பார்த்து நின்றதா அந்தப் பக்கம் பார்த்து நின்றதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, முகம் இல்லாததற்கு ஏது பக்கம், ஆனால் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நிறம் என்றேன். என்ன நிறம் என்றாள். வாடாமல்லி என்றேன். நான் அழுகிறேன் என்று அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி, "பயப்படாதியக்கா. மாத்திரைய நிப்பாட்டியாச்சுல்லா. கொஞ்ச நாள்ல அது போயிரும்" என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

நம்பிராஜன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். மாத்திரையைக் குப்பையில் போட்டு, கையைக் கழுவி, பையை எடுத்தேன், ஜெனிட்டா என்னை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று எழுந்தாள். ஃபால்ஸ் தட்டுக்கும் அண்ணாச்சி மேசைக்கும் நடுவில் வந்தேன். நேராகவே நடந்து போகலாம், ஒன்றும் இல்லாத இடம், நாளைக்கோ மறுநாளோ எப்படியும் இல்லாமல் போகப்போகிறது. ஒதுங்கித்தான் போனேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த ஜெனிட்டா அந்த இடம் வந்ததும் பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மேசையோரமாக, எதன் மேலும் இடிக்காமல் சுற்றி வந்தாள்.